உடல் வலியும் உற்ற மருத்துவரும்

என் அறை நண்பர் ஓராண்டாக உடலெங்கும் வலியால் துன்புற்றார். உறங்கி எழுந்தாலும் அயர்வு. இந்நகர மருத்துவர் மூவர் இரத்தத்தைச் சோதித்து, "ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்றனர். நான்காமவரே நோயின் பெயரைச் சொன்னார்: ஃபைப்ரோமயால்ஜியா.

இதனை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்-ரே படமோ கிடையாது. நரம்பு மண்டலம் வலியை மிகைப்படுத்தி உணர்வதே இதன் இயல்பு என்பர் அறிஞர். பரவிய வலியோடு, உடலின் 18 இடங்களை அழுத்தினால் 11 இடங்களிலேனும் வலிக்க வேண்டும் என்று 1990இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி வகுத்தது. 2010இல் அதுவே, வலிக்கும் இடங்கள், அயர்வு, உறக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றைக் கேட்டறியும் முறையைத் தந்தது. இக்குறிகள் மூன்று திங்களேனும் நீடித்திருத்தல் வேண்டும். ஆக, நோயாளியின் சொல்லே இங்குச் சான்று!

எனவே, தைராய்டுக் குறை, மூட்டுவாதம் முதலியன உண்டா என்று முதலில் பொது மருத்துவரிடம் தெளிவு பெறுக; பின்னர் வாதநோய் வல்லுநரை நாடுக. பொறுமையாகக் கேட்பவர், உறக்கத்தைப் பற்றி வினவுபவர், மருந்தோடு நில்லாது படிப்படியான உடற்பயிற்சியையும் கற்பிப்பவர் எவரோ, அவரே உற்ற மருத்துவர்.

குடைச்சல், உளைச்சல், கடுப்பு என நமக்குத்தான் எத்தனை சொற்கள்! நண்பரோ மூவரிடமும் "தர்த்" என்ற ஒரே இந்திச் சொல்லையே சொல்லியிருந்தார். நான்காம் முறை, இந்தி நன்கறிந்த தமிழன்பர் ஒருவர் உடன் சென்றார். நண்பர்களே, நம்மவர் மருத்துவமனைக்குச் செல்கையில் தனியே விடாதீர்!