பாரிகாசாத் துறையும் மீனவ வழிகாட்டிகளும்

பருவக்காற்றைக் கொண்டு நடுக்கடலைக் கடக்கும் வழியைக் கண்டவர் இப்பலசு என்கிறது, கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான எரித்திரியக் கடற் பெரிபுளூசு. ஆய்வுலகமும் அப்பெயரையே பெரிதும் பேசிவந்துள்ளது. ஆயின், காற்று கலத்தைக் கரைக்கு அண்மையில் மட்டுமே சேர்க்கும். பாரிகாசா எனப்பட்ட இன்றைய பரூச், நருமதை முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 300 ஸ்டேடியா உள்ளே இருந்தது. குடாவோ குறுகியது, திட்டுகள் மிக்கது. அமாவாசையை ஒட்டிப் பேரொலியுடன் பாயும் ஓதம் கலங்களைத் தரைதட்டச் செய்யும், சிறு படகுகளைக் கவிழ்க்கும். ஆகவே, அரசனின் பணியிலிருந்த உள்ளூர் மீனவர் (அவர்தம் பெயர்களை அந்நூல் தரவில்லை) ‘திரப்பகா’, ‘கொடிம்பா’ என்னும் பெரும்படகுகளில் சௌராட்டிரக் கரைவரை எதிர்சென்று, வரும் கலங்களைத் திட்டுகளுக்கிடையே செலுத்தினர். படகுகளில் பிணித்து இழுத்தனர். ஓதம் ஏறுகையில் கலம் நகர்ந்தது. வற்றுகையில், நகர்வரை ஆற்றில் ஆங்காங்கே அமைந்த ஆழமான மடுக்களில் நங்கூரமிட்டு நின்றது.