பிரிண்டருக்குக் கதவு எண் கொடுப்பது எப்படி?

நம்முடைய டி.சி.யில் அங்க அடையாளம் என்று ஓர் இடம் உண்டு. இடது கையில் மச்சம், வலது முழங்காலில் தழும்பு என்று எழுதுவாங்க. வீடு மாறினால் கதவு எண் மாறும், மச்சம் மாறாது. நெட்வொர்க்கில் சேரும் கருவிக்கும் இந்த இரண்டும் உண்டு. தயாரிக்கும்போதே பதித்து வரும் 12 இலக்க மேக் எண்தான் மச்சம். நாம் கொடுக்கிற ஐ.பி. முகவரிதான் கதவு எண்.

தலைமை ஆசிரியர் அறையில் இருக்கிற பிரிண்டர் ரொம்பப் பழசு. அதை நெட்வொர்க்கில் சேர்க்க, ஓர் அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்ட ஹெச்.பி. ஜெட்டைரக்ட் பெட்டி ஒன்று கிடைத்தது. பெட்டியில் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முதலிலிருந்தே அதன் முகவரி 192.0.0.192. நம் கணினிகளின் முகவரியோ 192.168.1 என்று ஆரம்பிக்கும். வேற வேற தெரு, அதனால் பேச்சு வார்த்தையே இல்லை! உதவித்தொகை விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்க அக்காக்கள் பஸ் ஏறி டவுனுக்குப் போனாங்க. பஸ் காசும் போச்சு, அரை நாள் வகுப்பும் போச்சு.

கணக்கு சார் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பெட்டியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஒரு தாள் அச்சாகி வரும். அதில் மேக் எண் இருக்கும். பிறகு கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கணும். ஏ.ஆர்.பி. என்று அடித்து, இடம் விட்டு, சிறுகோடும் எஸ் எழுத்தும், அடுத்து 192.168.1.50, கடைசியில் மேக் எண். "இந்த மச்சம் உள்ளவர் இந்தக் கதவு எண்ணில் இருக்கிறார்" என்று கணினி தன் நோட்டில் குறித்துக்கொள்ளும்.

ஆனால் பெட்டிக்கு இது இன்னும் தெரியாது! இங்கேதான் வேடிக்கை. அடுத்து பிங் என்று அடித்து 192.168.1.50 கொடுக்கணும். கணினி நோட்டைப் பார்த்து, அந்த மச்சக்காரருக்கே கடிதம் அனுப்பும். பெட்டி பிரித்துப் பார்க்கும். "கடிதம் எனக்குத்தான். மேலே 192.168.1.50 என்று இருக்கே, அப்போ அதுதான் என் கதவு எண்" என்று எடுத்துக்கொள்ளும். முதல் ஒன்றிரண்டு பிங்குக்குப் பதில் வராமல் போகலாம், மறுபடி அடிக்கணும். பழைய 192.0.0.192 இருக்கும் வரைதான் இந்த வித்தை பலிக்கும். ஒருமுறை எண் கொடுத்துவிட்டால் வேறு யார் பிங் பண்ணினாலும் அசையாது.

(பிங் கட்டளையை 1983-இல் எழுதியவர் அமெரிக்காவின் மைக் மூஸ். நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவியின் ஒலிதான் அந்தப் பெயர்.)

மீதி வேலை டெல்நெட்டில். விண்டோஸில் இப்போது அதை நாமாகத்தான் இயக்க வேண்டும். டெல்நெட் என்று அடித்து முகவரியைக் கொடுத்தால் பெட்டிக்குள்ளேயே போய்விடலாம். சாய்கோடு அடித்தால் இப்போதைய அமைப்பைக் காட்டும். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கொடுத்தோம். வெளியே வர குவிட், எக்ஸிட் என்று இரண்டு சொல் இருக்கு. தமிழில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் குவிட் அடித்தால் எல்லாம் சேமிக்கும், எக்ஸிட் அடித்தால் சேமிக்காமல் வந்துவிடும்.

புது பிரிண்டர்கள் ரௌட்டரிடம் தாமாகவே எண் வாங்கிக்கும். அந்த எண் மாறினால் கணினிகள் தேடித் திண்டாடும், அதனால் பிரிண்டருக்கு நிலையான எண்தான் நல்லது என்று சார் சொன்னார்.

பெட்டி மேல் 192.168.1.50 என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கோம். கணினி அறையிலிருந்தே இப்போ பிரிண்ட் போகுது. விண்ணப்பம் போட வேண்டிய அக்காக்கள் மதிய இடைவேளையில் வரலாம், தாள் மட்டும் கொண்டு வாங்க.

- 9-ஆம் வகுப்பு மாணவி