துவர்ப்பும் செம்மறிக் குட்டியும்

பொழியூரில் ஆடு என்றால் வெள்ளாடுதான். காலையில் பிலாக்குழை ஒடித்துக் கட்டித் தொங்கவிட்டால் அதன் பாடு தீர்ந்தது. செம்மறி இங்கே அபூர்வம். சில ஆண்டுகளுக்கு முன் என் கடைக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி தமிழ்நாட்டுச் சந்தையிலிருந்து நான்கு செம்மறிக் குட்டிகளை இறக்கி, "அண்ணாச்சி, இதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்டான். நானும் யோசிக்காமல், "வெள்ளாடு தின்கிறதை இதுவும் தின்னும், குழை போதும்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதத்தில் விலா எலும்பு தெரிந்தது. வாங்கின விலைக்குக்கூட விற்க முடியவில்லை. கடன் வாங்கிப் போட்ட முதல் அது. புலால் தொடாத குடும்பத்தில் பிறந்தவன் நான். என் வாய்ச்சொல்லால் வாயில்லா ஜீவன் வாடியதே என்ற உறுத்தலில்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

என் கடையில் கடுக்காய் விற்கிறேன். ஒரு துண்டு மென்றால் நாக்கு இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். அது புரதத்தைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் கொண்டு தோல் பதனிட்டதும் இந்தக் குணத்தால்தான். பிலாவிலையிலும் டானின் உண்டு.

ஆட்டின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் தீவனப் புரதத்தைச் சிதைக்கின்றன. அதில் ஒரு பங்கு அமோனியாவாகி வீணாகிறது. அளவான டானின் அங்கே புரதத்தைப் பிடித்துக் காப்பாற்றும். நான்காம் இரைப்பையின் புளிப்பில் பிடி விட்டுப்போகும். புரதம் குட்டிக்குச் சேரும். அளவு மிஞ்சினால் பிடி விடாது, நுண்ணுயிர்களும் சோரும், துவர்ப்பால் குட்டி தீனியையே குறைத்துவிடும்.

1980களில் நியூசிலாந்தில் லோட்டஸ் என்ற தீவனச் செடியை ஆராய்ந்தார்கள் (நம் தாமரை இல்லை, பயறுக் குடும்பத்துச் செடி). டானின் குறைந்த வகை செம்மறிக்கு நன்மை செய்தது. மிகுந்த வகையில் தீனி குறைந்தது. ஈரம் நீக்கிய தீவனத்தில் 2 முதல் 4 சதவீதம் நல்லது, 5-ஐத் தாண்டினால் கெடுதல் என்பது பொதுக் கணக்கு. செடிக்குச் செடி இது மாறும்.

அப்படியானால் வெள்ளாடு எப்படித் தாங்குகிறது? அது தழை மேயும் பிராணி. அதன் எச்சிலில் டானினைப் பிடித்து அடக்கும் புரதங்கள் உண்டு என்கிறார்கள்; புல் மேயும் செம்மறிக்கு அந்த வசதி குறைவு. நான் கோட்டை விட்டது இங்கேதான்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் பாருங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்தே நிற்கும். செம்மறி புல்லை மேய்ந்து, உதிர்ந்த வேலங்காயையும் பொறுக்கும். துவர்ப்பு அங்கே தொடுகறி, சோறு இல்லை. ஓரளவு டானின் குடற்புழுவையும் குறைக்கிறது. அதற்காகப் புழு மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

தம்பி போன வருஷம் மறுபடி இரண்டு குட்டி வாங்கினான். இப்போது புல், கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு, தவிடு. குழை வாட வைத்து ஒரு பிடி மட்டும். வாடினால் துவர்ப்பின் வேகம் சற்றுத் தணியும். மாதம் ஒரு தடவை என் கடைத் தராசில்தான் நிறுக்கிறான். கூலி நான் கேட்பதில்லை.