காலில்லா நச்சுயிரி நடப்பது எப்படி?

வேங்கிக்கால் ஏரிக்குக் கீழே எங்கள் பெரியப்பா மாசிப் பட்டத்தில் அரை ஏக்கர் உளுந்து விதைத்திருந்தார். 25ஆம் நாள் அளவில் துளிர் இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தோன்றின. பயிருக்குச் சத்துப் போதவில்லை என்று யூரியா இட்டார். மஞ்சள் கூடியது. பிறகு கடன் வாங்கி மருந்து தெளித்தார். அதற்குள் பாதி வயல் மஞ்சளாகிவிட்டது. அறுத்து அடித்தபோது விதைத்ததைவிடச் சற்றே கூடுதலாகக் கிடைத்தது. "பாட்டனி படிக்கிறியே, இது எங்கேயிருந்துடா வந்துது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் ஆசிரியர்களைக் கேட்டும் நூலகத்தில் தேடியும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்நோய்க்கு மஞ்சள் தேமல் என்று பெயர். தில்லியில் பாசிப்பயற்றில் கண்ட இந்நோயை நரியானி என்னும் அறிஞர் 1960இல் விவரித்து எழுதினார். இதை உண்டாக்கும் நச்சுயிரி இரண்டு உருண்டைகள் ஒட்டிப் பிறந்தாற்போன்ற இரட்டை வடிவம் உடையது. நீளம் சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இதன் மரபுப்பொருள் டி.என்.ஏ. வளையங்கள் இரண்டு. ஏ வளையம் பெருகும் வேலைக்கு உரியது. பி வளையம் எதற்கு? அதுதான் நம் கதையின் மையம்.

நச்சுயிரிக்குக் காலுமில்லை, சிறகுமில்லை. தாவரச் செல்லைச் சுற்றியுள்ள செல்லுலோஸ் சுவரைத் துளைக்கும் ஆற்றலும் இல்லை. ஆகவே ஒரு செடியிலிருந்து மறு செடிக்குச் செல்ல வெள்ளை ஈயை நம்பியிருக்கிறது. சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள இப்பூச்சி, ஊசி போன்ற வாயுறுப்பைப் புளோயம் வரை செலுத்திச் சாறு உறிஞ்சுகிறது. சாற்றுடன் சென்ற நச்சுயிரி குடலைக் கடந்து, உடல் திரவத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. இதற்குச் சில மணி நேரம் ஆகும். அதன்பின் பல நாட்கள் அந்த ஈ, அமரும் உளுந்துச் செடிகளுக்கெல்லாம் நோயை ஊட்டுகிறது.

செடிக்குள் புகுந்தபின் வேறொரு தடை. செல்லுக்குச் செல் மெல்லிய வாயில்கள் உண்டு; பிளாஸ்மோடெஸ்மா என்று படித்திருப்போம். சிறு மூலக்கூறுகளே அவற்றில் தாராளமாகச் செல்லும். நம் அண்ணாமலையார் கோயில் போன்ற பெருங்கோயில்களில் பெருங்கதவைச் சாத்திவிட்டுத் திட்டிவாசலை மட்டும் திறந்து வைப்பார்களே, அதைப் போல. திட்டிவாசலில் ஆள் நுழையலாம், தேர் நுழையுமா? நச்சுயிரி அதற்கென ஒரு புரதத்தை ஆக்கிக்கொள்கிறது. அதற்கு நகர்வுப் புரதம் என்று பெயர்.

இது முதலில் தெளிவானது புகையிலைத் தேமல் நச்சுயிரியில். வெப்பம் மிகுந்தால் செல்லுக்குச் செல் நகர முடியாத குறையுள்ள ஒரு வகை இருந்தது. 1987இல் அமெரிக்காவில் பீச்சியும் உடன் ஆய்ந்தோரும் அந்நச்சுயிரியின் நகர்வுப் புரதத்தைத் தானே ஆக்கும் புகையிலைச் செடியை உருவாக்கினர். அச்செடியில் குறையுள்ள வகையும் நகர்ந்தது! அப்புரதம் வாயிலின் கொள்ளளவையே பெரிதாக்குகிறது என்பது 1989இல் தெரியவந்தது.

உளுந்து நச்சுயிரியின் பாடு இன்னும் கடினம். அது பெருகுவது உட்கருவிற்குள். ஆதலால் அதற்கு இரு சுமைதூக்கிகள் தேவை. ஒரு புரதம் டி.என்.ஏ.வை உட்கருவிலிருந்து வெளியே கொணர்கிறது. நகர்வுப் புரதம் அதனை வாயில் வழியே அடுத்த செல்லுக்குக் கடத்துகிறது. இவ்விரண்டையும் ஆக்குவதே பி வளையத்தின் வேலை.

நம் மாநிலத்திலேயே இதனை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது பெருமையாக இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலுதம்பி குழுவினர் இந்நச்சுயிரியின் ஏ வளையம் ஒன்றையும் வெவ்வேறு பி வளையங்களையும் பிரித்தெடுத்தனர். ஏ வளையத்தை மாற்றாமல் பி வளையத்தை மட்டும் மாற்றிச் செடிகளுக்குச் செலுத்தி 2004இல் முடிவை வெளியிட்டனர். கே.ஏ. 27 என்ற பி வளையம் உளுந்தைக் கடுமையாகத் தாக்கியது, கே.ஏ. 22 என்பது பாசிப்பயற்றை. எந்தப் பயிர் மிகுதியாக வாடும் என்பதில் பயணத்திற்கு உரிய வளையத்திற்கு இத்தனை பங்கு இருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

பெரியப்பாவின் மருந்து ஏன் பயன்படவில்லை என்பது இப்போது விளங்கும். மருந்து ஈயைக் கொல்லும். செல்லுக்குள் நடப்பவனை ஒன்றும் செய்யாது. மஞ்சள் கண்ணுக்குப் படும்போதே அவன் புளோயத்தில் ஏறி, செடியின் துளிருக்குப் போய்விட்டிருப்பான். யூரியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தழைச்சத்து மிகுந்த இளந்தளிர் வெள்ளை ஈக்கு விருந்து.

புரட்டாசியில் பெரியப்பா புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய வம்பன் 8 விதைத்தார். வரப்போரம் மக்காச்சோளம் இரண்டு வரிசை. வயலில் ஆங்காங்கே மஞ்சள் ஒட்டுப்பொறி. எதிர்ப்புத் திறன் என்றால் நோய் அறவே அண்டாது என்று பொருளன்று. ஏழெட்டுச் செடிகளில் மஞ்சள் கண்டது. உடனே வேரோடு பிடுங்கிப் புதைத்தோம். ஓர் இலையை மட்டும் பெரியப்பா வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ சொன்ன புரோட்டீன் இதிலே எங்கேடா இருக்குது?" என்றார்.