சிசேரியனுக்குப் பிறகு 'டம்மி டக்'... எப்போது செய்யலாம்?

'குழந்தைக்கு ஒரு வயசாகப் போகுது... வயிறு இன்னும் அஞ்சு மாசம் மாதிரியே இருக்கே' என்று கவலைப்படுகிறீர்களா? தப்பு உங்கள் மேல் இல்லை. கர்ப்பத்தில் விரிந்த வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியே நின்றுவிட்டால், தொப்பை லேசில் குறையாது. முதலில் பிசியோதெரபி பயிற்சிகள் செய்து பாருங்கள். பலன் இல்லையென்றால், விலகிய தசையைத் தைத்து, தொங்கும் தோலை நீக்கும் 'டம்மி டக்' சர்ஜரி பற்றி யோசிக்கலாம். இது எடை குறைக்கும் சிகிச்சை அல்ல.

அவசரம் வேண்டாம். பிரசவமாகி குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம் பொறுங்கள். தாய்ப்பாலை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். எடையும் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டுமா? அதற்குப் பிறகு செய்துகொள்ளுங்கள். மறுபடி கர்ப்பமானால் தசை திரும்பவும் விலகலாம்.

ரத்தசோகை, சர்க்கரை, பி.பி பரிசோதனைகளை முன்பே முடியுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிசேரியன் தழும்பின் அருகே ஹெர்னியா இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

முக்கியமான விஷயம்... சர்ஜரிக்குப் பின் சுமார் 6 வாரம் குழந்தையைத் தூக்கக் கூடாது. 'அம்மா, தூக்கு' என்று கை நீட்டினால், தூக்கிக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதை முடிவு செய்துவிட்டு தேதியைக் குறியுங்கள்.