இலை தரும் கூலி

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தல மரம் வன்னி. விபசித்து முனிவர் இந்தக் கோயிலின் திருப்பணியைச் செய்தபோது, வேலையாட்களுக்கு வன்னி இலைகளையே கூலியாக அள்ளிக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவு அந்த இலை பொன்னாக மாறியது என்றும் தலபுராணம் சொல்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாட்டி மடியில் கேட்டு வளரும் கதை இது. கதையில் ஒருமுறை நடந்த அந்த அற்புதம், பக்கத்துக் கம்மாபுரத்தின் வீட்டுத் தோட்டங்களில் தினந்தோறும் நடக்கிறது. அங்கே இலை உண்மையாகவே கூலி கொடுக்கிறது.

ஆடிப் பட்டம் தேடி விதைத்த அவரையும் சுரையும் பந்தல் ஏறிவிட்டால், கூலிக்கான பொன் அந்த இலைகளில்தான் விளைகிறது. 10,000 பங்கு காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 4 பங்குதான். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இலை அதை உள்ளே இழுக்கிறது. வேர் ஏற்றி அனுப்பும் தண்ணீரோடு வெயிலின் பலத்தால் சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறது. கிலோக் கணக்கில் தொங்கும் சுரைக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சமுள்ள சதையும் விதையும் பெரும்பாலும் காற்றிலிருந்து வந்தவை என்றால் யாருக்குத்தான் கைகூப்பத் தோன்றாது?

இந்தச் சர்க்கரையை இலை தனக்கென்று பூட்டி வைப்பதில்லை. மண்ணுக்குள் வேலையாட்கள் காத்திருக்கிறார்கள். அவரைச் செடியைப் பக்குவமாகப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். சிறு சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருளுக்கு உறவான ஒன்று அங்கேயும் இருக்கிறது. அந்த முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றில் 78 விழுக்காடு இருந்தும் எந்தச் செடியாலும் நேராக எடுத்துக்கொள்ள முடியாத நைட்ரஜனை உரமாக மாற்றித் தருகிறது. அதற்குச் சம்பளம், மேலே இலை செய்து இறக்கும் சர்க்கரை.

உழைப்புக்கு ஏற்ற கூலி என்ற கணக்கும் இங்கே தப்புவதில்லை. 2003-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, அவரையின் குடும்பத்தைச் சேர்ந்த சோயாவில் இதைக் காட்டியது. நைட்ரஜன் கட்டித் தராத முடிச்சுகளுக்குப் போகும் பிராணவாயுவைச் செடி குறைத்துவிடுகிறது; அங்கே பாக்டீரியா பெருகுவதும் குறைந்துபோகிறது. கண்ணும் மூளையும் இல்லாத செடிக்கு, முடிச்சு முடிச்சாகப் பார்த்து நியாயம் வழங்கக் கற்றுக்கொடுத்தது யார்?

பொழுது சாயும்போது அடுத்த முறைக்கான வேலையாட்கள் வருகிறார்கள். சுரையும் பீர்க்கும் புடலையும் அந்தி நேரத்தில் மலர்பவை. இருட்டிலும் தெரியும்படி சுரைப்பூ வெள்ளையாக விரிகிறது. பெரிய அந்துப்பூச்சிகள் பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்று, நீண்ட குழல் நாக்கை நீட்டித் தேன் குடிக்கின்றன. அந்தத் தேனும் இலை கொடுத்த சர்க்கரைதான். குடித்த கணக்குக்கு ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுபோகின்றன. பெண் பூவின் அடியில் முன்னமே குட்டிச் சுரைக்காய் ஒன்று தயாராக இருக்கும். மகரந்தம் வந்து சேராவிட்டால் அது மஞ்சளாகி வெம்பி உதிர்ந்துவிடும்.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. அதன் கூலி மகரந்தமே. அது மூடிய குழல்களுக்குள், நுனியில் சிறு துளை மட்டும் விட்டுப் பத்திரமாக இருக்கிறது. நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டும் வந்து பூவைக் கட்டிப் பிடித்து, சிறகை அடிக்காமல் சிறகுத் தசையை மட்டும் அதிர வைக்கின்றன. ‘உர்’ரென்ற அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியாகக் கொட்டுகிறது. தேனடையில் வாழும் நம்மூர்த் தேனீக்கு இந்த வித்தை வராது. பூட்டும் சாவியும் தனித்தனி உயிர்களிடம் இருக்க, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன!

இத்தனைக்கும் இடம் கொடுத்துப் பொறுமையாகக் கிடப்பது களிமண். விருத்தாசலத்துச் சூளைகளில் அது பீங்கான் பொம்மையாகவும் அகல் விளக்காகவும் ஃபியூஸ் கட்டையாகவும் ஆகிறது. களியின் துகள்கள் மெல்லிய தகடுகள். நடுவே தண்ணீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் கை வளைக்கிறபடி வளைகிறது. அதே தகடுகளின் மேல் உள்ள மின்னூட்டம், ஐப்பசி மழை அடித்துக்கொண்டு போகாதபடி சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் பிடித்து வைத்து, வேர் கேட்கும்போது விட்டுக் கொடுக்கிறது. சூளையில் வெந்த களி மறுபடி மண்ணாகக் குழையாது. தோட்டத்துக் களியோ வருஷா வருஷம் புதிதாகிறது. அதற்கும் கூலி உண்டு: உதிர்ந்த சருகு மக்கி அதனிடமே போய்ச் சேருகிறது.

இந்தக் கூட்டத்தில் நம் பங்கு எவ்வளவு? விதை ஊன்றினோம், பந்தல் போட்டோம், அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினோம். அதற்குக் கிடைக்கும் கூலியைப் பாருங்கள்! நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடியும் வெண்டைப் பிஞ்சு, தை மாதத்துக் கூட்டுக்கு மடி நிறைய அவரைக்காய். பறிக்கப் பறிக்கக் கொடி மேலும் பூக்கிறது. முற்ற விட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய்ப் பூப்பது குறைந்துவிடும். வாங்குகிற கை தாமதித்தால்தான் கொடுக்கிற கை ஓய்கிறது.

செய்த வேலைக்கு மிஞ்சிய கூலி வாங்குகிறவர்களுக்குக் கடமையும் உண்டு. பூத்திருக்கும் கொடியில் விஷ மருந்து அடிப்பது, சக வேலையாளின் சோற்றில் நஞ்சு கலப்பது போன்ற பாவம். அதைச் செய்யாதிருப்போம். முதல் பறிப்பில் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பங்கு போகட்டும். நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் விதைக்கு விடுவோம். அடுத்த ஆடியில் அந்த விதை இலை விடும்போது, இத்தனை உயிர்களுக்கும் படியளப்பவன் மறுபடி கணக்கைத் திறப்பான்.