சுருள் என்ன வேலை செய்கிறது?

குழந்தைகளுக்கு வடிவம் சொல்லித்தரும் புத்தகங்களில் கடிகாரம் வட்டம், கதவு செவ்வகம், சமோசா முக்கோணம். குழந்தை விரல் வைத்துப் பெயர் சொன்னால் பாடம் முடிந்தது. அமெரிக்கக் கவிஞர் ஜாய்ஸ் சிட்மன் எழுத, பெத் குரோம்ஸ் படம் வரைந்து 2011இல் வெளிவந்த ‘ஸ்விர்ல் பை ஸ்விர்ல்’ வேறு வழியில் போகிறது. அதில் இருப்பது ஒரே வடிவம், சுருள். அதன் பெயரைச் சொல்லிக்கொடுப்பதைவிட அது என்ன வேலை செய்கிறது என்று காட்டுவதில்தான் அந்தக் கவிதைக்கு அக்கறை. குளிர்காலத்தில் வளைக்குள் சுருண்டு தூங்கும் சிற்றுயிர்கள், நத்தையின் ஓடு, எதையும் வளைத்துப் பிடிக்கும் யானைத் துதிக்கை, குரங்கின் வால், சிலந்தி வலை, புரளும் அலை என்று வளர்ந்து விண்மீன் மண்டலம் வரை போகிறது. வரிகள் மிகக் குறைவு. ஒளிகிறது, காக்கிறது, பற்றுகிறது, விரிகிறது என்று சுருளுக்கு வினைச்சொற்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. இயற்கையின் வடிவங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதுவே சரியான முறை என்பது என் கட்சி.

காரணம், இயற்கையில் வடிவம் என்பது நடந்த வேலையின் தடம். நத்தை தன் ஓட்டின் வாய் விளிம்பில் மட்டுமே புதிதாகச் சேர்க்கிறது; ஏற்கெனவே கட்டியதைப் பெரும்பாலும் மாற்றியமைப்பதில்லை. விளிம்பின் ஒரு பக்கம் மற்றதைவிட வேகமாக வளர்வதால் ஓடு வளைகிறது. வளைந்து வளைந்து சுருளாகிறது. உடம்பு பெருத்தாலும் வீட்டின் வடிவம் மாறாது, வேறு வீடு தேடவும் வேண்டாம். நாட்டிலஸ் என்ற கடலுயிர் இன்னும் ஒரு படி மேல். வளர வளரப் பின்னால் சுவர் எழுப்பிக் கடைசி அறையில் குடியிருக்கிறது. பழைய அறைகள் அது மிதக்க உதவுகின்றன. “இது சுருள்” என்ற ஒற்றைச் சொல்லில் இவை எதுவும் இல்லை. புத்தகத்தின் படங்களும் இந்த வழிக்குப் பொருத்தமானவை. குரோம்ஸ் கறுப்பு மை பூசிய பலகையைக் கூர்முனையால் சுரண்டி வரைபவர். கோடு ஒவ்வொன்றும் கை போன வழி. இதே முறையில் வரைந்த வேறொரு புத்தகத்துக்காக 2009இல் அவருக்குப் படப்புத்தக ஓவியருக்கான கால்டெகாட் பதக்கம் கிடைத்தது.

நத்தையையும் விண்மீன் மண்டலத்தையும் ஒரே கயிற்றில் கட்டுவது அறிவியலாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓடு வளர்ச்சியால் சுருள்கிறது, துதிக்கை தசையால் சுருள்கிறது, விண்மீன் மண்டலத்தின் கதை ஈர்ப்பு விசையோடு சேர்ந்தது. மூன்றுக்கும் ஒரே காரணம் என்று ஒரு கவிதை சொன்னால் அது பொய். ஆனால் ஒவ்வொன்றின் வேலையையும் தனித்தனியே சொல்லும்போது, ஒற்றுமை கண்ணில் படுகிற அதே வேளையில் வேற்றுமையும் காதில் விழுகிறது. போதாததற்குப் புத்தகத்தின் கடைசியில் உரைநடை விளக்கமும் உண்டு; பெற்றோர் அதைத் தள்ளிவிடக் கூடாது. பெரியவர்களுக்கான எழுத்துகளில்தான் புரளி அதிகம். நாட்டிலஸ் ஓடு ‘பொன் விகிதச் சுருள்’ என்று எத்தனை இடங்களில் படிக்கிறோம்! பொன் விகிதச் சுருள் ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் விரிவது சுமார் 3 மடங்குதான். முதலில் வட்டமும் சதுரமும் தெரியட்டுமே என்பவர்களுக்கு ஒரு பதில்: தெரியட்டும், ஆனால் தோட்டத்தில் இறங்கும் பிள்ளை சதுரத்தைத் தேடிக் களைத்துப்போகும்.

தமிழில் இப்படிப்பட்ட கவிதைக்குச் சரக்கு இல்லாமல் இல்லை. நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கை உயிரியலார் இடப்பக்கம் சுருண்டது என்பார்கள். சுருளின் கூர்முனையை மேலே வைத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அப்போது வாய் இடப்பக்கம் இருக்கும். தலைகீழாகப் பிடித்தால் அதே வாய் வலப்பக்கம் வந்துவிடும். புரட்டிப் பார்க்கும் குழந்தைக்காகவே அமைந்த விஷயம் இது. நம் குழந்தைக் கவிஞர்களில் யாராவது இதை எழுத, ஓர் ஓவியர் சங்கை இரண்டு பக்கமும் வரைந்து தரட்டும்.